நிலம் திருப்பித் தரும் ஒளி

கோடை வெயிலில் கருநிறச் சட்டை அணிந்து நடப்பவர் வெப்பத்தை மிகுதியாக உணர்கிறார். வெண்ணிறச் சட்டை அணிந்தவர்க்கு அவ்வளவு வெப்பம் தோன்றுவதில்லை. கருநிறத் துணி தன்மீது விழும் ஒளியின் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்கிறது. வெண்ணிறத் துணியோ அதன் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு பொருள் தன்மீது விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்னும் அளவே எதிரொளிப்புத் திறன் எனப்படும். நூறு பங்கு ஒளி விழுந்து நாற்பது பங்கு திரும்பினால், எதிரொளிப்புத் திறன் 0.40 ஆகும்.

துணிக்கு உள்ள இப்பண்பு நிலத்திற்கும் உண்டு. புதிதாகப் பெய்த பனி, தன்மீது விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் திருப்பி அனுப்பும். ஆழமான தெளிந்த நீரோ மிகச் சிறிதளவே திருப்பி அனுப்பும். மணல், பாறை, காடு, வயல் ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய அளவில் ஒளியைத் திருப்பித் தருகின்றன. நிலத்தைத் தொடாமலே தொலைவிலிருந்து இவ்வளவைக் கண்டறிவது தொலையுணர்தலின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும்.

இலை காட்டும் அடையாளம்

பசுமையான இலையில் பச்சையம் நிறைந்திருக்கிறது. அது ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு, நீல ஒளிகளை ஈர்த்துக்கொண்டு, பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆதலால்தான் இலை பச்சையாகத் தோன்றுகிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை இன்னும் மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இலையின் உட்புறத்தில் உள்ள உயிரணுக்களும் அவற்றிடையே உள்ள காற்றறைகளும் அவ்வொளியைச் சிதறச் செய்வதே அதற்குக் காரணம்.

பயிர் நோயுற்றாலோ நீரின்றி வாடினாலோ இந்நிலை மாறுகிறது. பச்சையம் குறைவதால் சிவப்பொளி மிகுதியாகத் திரும்புகிறது; உட்கட்டமைப்பு சிதைவதால் அகச்சிவப்பு ஒளி குறைவாகத் திரும்புகிறது. இவ்விரண்டையும் கொண்டு அறிவியலாளர் தாவரக் குறியீட்டெண் ஒன்றைக் கணக்கிடுகின்றனர். அகச்சிவப்பு அளவிலிருந்து சிவப்பு அளவைக் கழித்து, வரும் விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செழிப்பான வயல் ஒன்றில் அகச்சிவப்பு 0.45, சிவப்பு 0.05 எனக் கொள்வோம். வேறுபாடு 0.40, கூட்டுத்தொகை 0.50, குறியீட்டெண் 0.80 ஆகும். பயிர் நலியும்போது இவ்வெண் குறையும்.

தென்னந்தோப்பில் தொடங்கிய முயற்சி

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி பி. ஆர். பிஷாரடி ஆவார். சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற அவர், 1970ஆம் ஆண்டளவில் கேரளத்துத் தென்னந்தோப்புகளைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். அங்கு வேர் வாடல் நோய் தென்னைகளை அழித்து வந்தது. ஹெலிகாப்டரில் இருந்து அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும் படச்சுருளில் தோப்புகள் படம் எடுக்கப்பட்டன. நலமான மரங்களும் நோயுற்ற மரங்களும் அப்படங்களில் வேறு வேறு நிறங்களில் தெரிந்தன.

பின்னர் 1988ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியத் தொலையுணர் செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் வழிவந்த ரிசோர்ஸ்சாட்-2, 2011ஆம் ஆண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. 800 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைத் தனித்தனியே அளக்கும் உணர்விகள் அதில் பொருத்தப்பட்டன.

இடையில் நிற்கும் காற்று

செயற்கைக்கோள் அளப்பது நிலம் அனுப்பிய ஒளியை மட்டுமன்று. இடையில் உள்ள வளிமண்டலமும் சூரிய ஒளியைச் சிதறடித்து, ஒரு பகுதியைச் செயற்கைக்கோளை நோக்கி அனுப்புகிறது. தில்லி, அரியானா, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் வாழ்வோர் குளிர்காலத்தில் வானத்தை மூடும் புகையையும் தூசுப்படலத்தையும் நன்கு அறிவர். அக்காலத்தில்தான் அங்குக் கோதுமைப் பயிர் வளர்கிறது.

மேலே கண்ட செழிப்பான வயலின்மீது தூசுப்படலம் படர்ந்துள்ளது என்க. அது சிவப்பொளியில் 0.05 அளவைக் கூட்டினால், சிவப்பு 0.10 ஆகிறது. அகச்சிவப்பு மாறாமல் 0.45 என்றே இருப்பின், குறியீட்டெண் 0.64 ஆகக் குறைந்துவிடும். தெளிந்த வானத்தின்கீழ் நலிந்து நிற்கும் வேறொரு வயலில் அகச்சிவப்பு 0.36, சிவப்பு 0.08 எனில், அதன் குறியீட்டெண்ணும் 0.64 தான். ஒன்று நலமான பயிர். மற்றொன்று நலிந்த பயிர். எண்ணோ இரண்டிற்கும் ஒன்றே. காற்றின் பங்கை நீக்காமல் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

பிழை நீக்கும் முறை

முதலில் உணர்வி பதிவு செய்த எண், ஒளியின் அளவாக மாற்றப்படுகிறது. அடுத்து, அந்நாளில் அந்நேரத்தில் அவ்விடத்தில் சூரியன் எவ்வளவு ஒளி வழங்கியது எனக் கணக்கிடப்படுகிறது. சூரியன் சாய்வாக இருக்கும் குளிர்காலத்தில் நிலத்தில் விழும் ஒளி குறைவு. புவிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை.

இறுதியில் வளிமண்டலத்தின் பங்கு நீக்கப்படுகிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆழமான தெளிந்த நீர் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை ஏறத்தாழ முழுவதும் ஈர்த்துக்கொள்ளும். அதன்மேல் உணர்வி சிறிது ஒளியைக் கண்டால், அதன் பெரும்பகுதி காற்று அனுப்பியதே. அவ்வளவைப் படம் முழுவதிலிருந்தும் கழிக்கலாம். காற்றிலுள்ள தூசு, நீராவி ஆகியவற்றின் அளவைக் கொண்டு கணினியால் திருத்தும் நுட்பமான முறைகளும் உள்ளன.

கிடைத்த விடை சரியானதா என நிலத்திலும் சோதிக்கின்றனர். கட்ச் வளைகுடாப் பகுதியின் உப்புப் பாலைவெளி ஒரே சீராகப் பரந்து கிடப்பதால் இதற்குப் பெரிதும் ஏற்றது. செயற்கைக்கோள் மேலே கடக்கும் வேளையில், கருவிகளுடன் அங்கு நிற்கும் அறிவியலாளர் அதே நிலத்தின் எதிரொளிப்பைத் தரையிலிருந்து அளந்து ஒப்பிடுகின்றனர்.

எண்ணின் பின்னே இருப்பவர்

நம் நாட்டில் வறட்சியை மதிப்பிடும்போது மழையளவு, மண் ஈரம் ஆகியவற்றுடன் தாவரக் குறியீட்டெண்ணும் கருத்தில் கொள்ளப்படுகிறது. அம்மதிப்பீட்டைப் பொறுத்தே உழவர்க்கு உதவி சென்று சேரும். குறியீட்டெண் தவறானால், வாடிய வயலுக்கு உரியவர் கைவிடப்படலாம். வாடாத வயலுக்கு உதவி போகலாம். ஆகவே காற்றின் பங்கைக் கழித்து நிலத்தின் பங்கை மட்டும் காண்பது வெறும் கணக்கு அன்று. உழவர்க்குச் செய்யும் நீதியும் ஆகும்.

பயிற்சி

1. எதிரொளிப்புத் திறன் என்பது யாது? சான்று தந்து விளக்குக.
2. நலிந்த பயிரில் சிவப்பொளி மிகுதியாகத் திரும்புவது ஏன்?
3. ஒரு வயலின் அகச்சிவப்பு அளவு 0.40, சிவப்பு அளவு 0.10. அதன் தாவரக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுக.
4. நீங்கள் வாழும் ஊரில் எம்மாதங்களில் வானம் தெளிவாக உள்ளது? எம்மாதங்களில் மங்கியுள்ளது? ஐந்து தொடர்களில் எழுதுக.