டர்ன்டேபிளுக்கு குறைந்த விலை கார்ட்ரிட்ஜ்: தேர்வு செய்வது எப்படி?

இசைத்தட்டின் பள்ளங்களில் ஓடும் ஊசியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் சிறு கருவியே கார்ட்ரிட்ஜ். மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற 'டைரக்ட் டிரைவ்' டர்ன்டேபிள்களில் இதைக் கழற்றி மாற்றலாம்.

குறைந்த செலவில் வாங்க விரும்புவோருக்கு 'மூவிங் மேக்னட்' வகை ஏற்றது. ஊசி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். 'மூவிங் காயில்' வகையில் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜையே மாற்ற நேரிடும்.

எடுத்துக்காட்டாக, ஜப்பானின் ஆடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜில் நீள்வட்ட முனை ஊசி உள்ளது. கூம்பு முனையைவிட இது நுண்ணிய ஒலிகளைத் தெளிவாகத் தரும். இதே வரிசையின் உயர்தர ஊசியையும் பின்னர் பொருத்தலாம்.

இதற்குப் பரிந்துரைக்கப்படும் ஊசி அழுத்தம் 2 கிராம். ஊசிக்கரத்தின் பின்புற எடையைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். அழுத்தம் மிகவும் குறைந்தால் ஊசி நிலையாக ஓடாமல் துள்ளி, பள்ளத்தைச் சேதப்படுத்தும். தேய்ந்த ஊசியும் அவ்வாறே. சேதமடைந்த பள்ளத்தைச் சீரமைக்க இயலாது என்பதால், ஊசியை உரிய காலத்தில் மாற்றுவது அவசியம்.