ஒரே பிளேட்... பன்னிரண்டு பிள்ளைகள்!

சுசீந்திரம் கோயில் அலங்கார மண்டபத்தில் இசைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னத் தூண்கள் கூட்டமாக நின்று ஒரு பெரிய தூணாகி நிற்கும். அத்தனையும் ஒரே கல்! ஒட்டு கிடையாது, பூச்சு கிடையாது. ''அந்தக் காலத்துல எப்படிய்யா செஞ்சான்?'' என்று வாயைப் பிளந்துவிட்டு, பிரசாதம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போயிருப்பீர்கள்.

அந்தச் சிற்பியின் வயிற்றில் கரைந்த புளியை யாராவது யோசித்தோமா? கடைசிச் சின்னத் தூணில் உளி ஒரு நூல் பிசகினால் போச்சு... அதுவரை செதுக்கிய அத்தனை தூண்களும் அம்போ!

கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலை இதற்கு நேர் எதிர்க்கட்சி. அங்கே பல கற்கள் சேர்ந்து ஒரு சிலை. ஒரு கல் சரியில்லையென்றால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு வேறு கல் எடுத்துக்கொள்ளலாம். சுசீந்திரத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இதே புளியை இன்றைக்கும் வயிற்றில் கரைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். சி.என்.சி. மெஷின் ஆபரேட்டர்கள்! நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது, தொழிற்பேட்டையும் இருக்கிறது. டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் அங்கேயோ, கோயமுத்தூரிலோ, துபாயிலோ ஒரு மில்லிங் மெஷின் முன்னால் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரே ஒரு அலுமினிய பிளேட். அதிலிருந்து ஒரே மாதிரி 12 பாகம் வேண்டும்.

ஆபீஸ் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மெயில் மெர்ஜ் சமாசாரம்தான். ஒரு லெட்டர் அடித்தால் நூறு பேருக்குப் போகிறதில்லையா? அதே மாதிரி கேம் சாஃப்ட்வேரில் ஒரு பாகத்துக்கு வழி போட்டுவிட்டு, ''இதையே 12 இடத்தில் செய்'' என்றால் போதும். கட்டர் எங்கே இறங்கி எங்கே திரும்ப வேண்டும் என்று அதுவே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிடும். லெட்டரில் தப்பு இருந்தால் நூறு பேருக்கும் தப்பாகவே போகும் என்பதுதான் இதில் உள்ள வம்பு!

இந்த வித்தை புதுசும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.காரர்கள் 1952-லேயே எண்களுக்குக் கட்டுப்படும் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். 1959-ல் 'ஏ.பி.டி.' என்ற கம்ப்யூட்டர் மொழியை அறிமுகப்படுத்தியபோது, அதை வைத்து மெஷினில் கடைந்த அலுமினிய ஆஷ்-ட்ரேயை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்களாம். நிருபர்களுக்கு எது உபயோகப்படும் என்று அப்போதே சரியாகக் கணித்திருக்கிறார்கள்!

சரி, 12 பாகத்தையும் தனித்தனிக் கட்டையில் செய்தால் என்ன? கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீர்கள். பாகம் ஒவ்வொன்றும் 60-க்கு 40 மில்லிமீட்டர். கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடிக்கச் சுற்றிலும் 30 மில்லிமீட்டர் ஓரம் வேண்டும். ஆக ஒன்றுக்கு 120-க்கு 100 கட்டை. நூற்றுக்கு 20 பங்குதான் பாகம். மிச்சம் 80-ம் சுருளும் துண்டும்.

ஒரே பிளேட்டில் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை வைத்தால், ஓரம் மொத்தத்துக்கும் ஒன்றே. நடுவில் பாகத்துக்குப் பாகம் 12 மில்லிமீட்டர் 'தெரு' விட்டால் போதும். 10 மில்லிமீட்டர் கட்டர் தெரு நடுவே ஒரு தடவை பஸ் மாதிரி போகும். அப்புறம் இரண்டு பக்கச் சுவரையும் ஒவ்வொரு மில்லிமீட்டர் சீவிக்கொண்டு வரும். பிளேட் 336-க்கு 204. இப்போது நூற்றுக்கு 42 பங்கு பாகம்! இரட்டிப்புக்கும் மேலே. மொதலாளி முகத்தில் புன்னகை.

''அப்படின்னா 6 மில்லிமீட்டர் கட்டரைப் போட்டுத் தெருவை இன்னும் சுருக்குவோமே?'' என்பார் அதே மொதலாளி. போட்டுப் பார்த்தால் 42 என்பது 45 ஆகும். அந்த மூன்று பங்குக்காக ஒல்லிக் கட்டரை மெள்ள மெள்ள ஓட்டி, நடுவழியில் அது ஒடிந்து... என்னைக் கேட்டால் வேண்டாத வேலை.

பாகங்கள் ஒன்றையொன்று விட்டுப் போகாமல் இருக்க, தெருவுக்குக் குறுக்கே அடியில் மில்லிமீட்டர் கனத்துக்குச் சின்னப் பாலங்கள் விடுவார்கள். இதற்கும் 'டேப்' என்றுதான் பெயர். மரை போடுகிற டேப் வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என் குற்றமில்லை! பாலத்தை மறந்தால் கடைசிச் சுற்றில் பாகம் கழன்று, சுற்றுகிற கட்டரில் சிக்கி, எங்கே பறக்கும் என்று அதற்கே தெரியாது. அதனால்தான் துளை, பள்ளம் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, வெளிவிளிம்பைக் கடைசியில் வெட்டுவது. பிளேட் கெட்டியாக இருக்கும்போதே நுணுக்க வேலையை முடித்துவிட வேண்டும்.

இனிதான் அசல் சிக்கல். ஒரு பாகத்துக்கு நாலு டூல் என்றால், ஒவ்வொரு பாகமாக முடித்தால் 48 தடவை டூல் மாற்ற வேண்டும். ஒரு டூலை எடுத்தால் 12 பாகத்திலும் ஓட்டிவிட்டுத்தான் கீழே வைப்பது என்றால் நாலே தடவை! மாற்றத்துக்குப் பத்து விநாடி என்றாலும் எட்டு நிமிஷம் எங்கே, நாற்பது விநாடி எங்கே? கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் மூன்றாவது பாகத்தில் டிரில் ஒடிந்தால்?

''எலே மக்கா, டிரில் ஒடிஞ்சா மெஷினுக்குத் தெரியுமாலே?''

''தெரியாது அண்ணாச்சி. அது பாட்டுக்கு அடுத்த இடத்துக்குப் போவும்.''

''பெறவு?''

''பெறவு மரை போட டேப் வரும். ஓட்டை இல்லாத எடத்துல போயி முட்டும். அதுவும் ஒடியும்.''

''அப்போ என்ன செய்யதுக்கு?''

இதுதான் கேள்வி. பாகம் பாகமாக ஓட்டியிருந்தால் முதல் இரண்டாவது முழுசாகத் தப்பித்திருக்கும். டூல் வாரியாக ஓட்டியதில் பன்னிரண்டும் அரைகுறை. டூலில் கண்டுபிடிக்கும் சென்சார் உள்ள மெஷின்கள் உண்டு. எல்லா ஷெட்டிலும் அது கிடையாது. கெட்டிக்காரப் பையன் புரோகிராமில் டிரில் முடிந்த இடத்தில் 'எம் 01' என்று ஒரு வரி சேர்த்துவிடுவான். பேனலில் அதற்கான சுவிட்சைப் போட்டு வைத்திருந்தால் மெஷின் அங்கே நிற்கும். கதவைத் திறந்து, பன்னிரண்டு துளையையும் கண்ணால் எண்ணிவிட்டு மறுபடி ஸ்டார்ட். அரை நிமிஷ வேலை. ஏழு நிமிஷத்துக்கு மேல் மிச்சம் பிடித்தவனுக்கு இது ஒரு செலவா?

கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டி ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. பார்க்க சினிமா மாதிரி இருக்கும். ஆனால் கிளாம்ப்பை நீங்கள் அதில் வரைந்து வைத்தால்தான் அதற்குத் தெரியும். வரையாவிட்டால், ஸ்க்ரீனில் ஜம்மென்று போன கட்டர் நிஜத்தில் கிளாம்ப்பில் போய் 'டமார்'!

பழக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஃப்ரீகேட் என்ற சாஃப்ட்வேர் இலவசம். அதில் கேம் வேலையும் பழகலாம். மெஷின் இல்லாமலே 12 பாகத்தை அடுக்கிப் பார்க்கலாம். ஸ்க்ரீனில் எத்தனை டிரில் ஒடிந்தாலும் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து பிளேட் வெளியே வந்ததும், பாலங்களை வாளால் அறுத்து, பிசிறை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் முதல் பாகத்தையும் பன்னிரண்டாவதையும் பக்கத்தில் வைத்து அளப்பார்கள். கட்டர் தேய்ந்திருந்தால் கடைசிக்காரன் முதல்வனைவிட ஒரு மயிரிழை பருத்திருப்பான். மைக்ரோமீட்டரைத் திருப்பி, 'டிக்... டிக்...' என்று கேட்கிற வரைக்கும் பையன் மூச்சு விட மாட்டான். சுருளை எடைக்குப் போட்ட காசில் டீ வரும்.