அத்திபாரம் வெட்டுவதற்கு முன்னர்

புதிதாக வீடு கட்ட முனைவோர் காணி உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுகின்றனர். கிணற்று நீர் நன்னீரா, உவர்நீரா எனப் பார்க்கின்றனர். அந்த மண்ணுக்கடியில் முன்னோர் விட்டுச்சென்ற தடயங்கள் உண்டா எனக் கேட்போர் மிகச் சிலரே. கேட்பதற்கு அஞ்சுவோரும் உள்ளனர். 'தொல்பொருள்' என்ற சொல் காதில் விழுந்தாலே காணி பறிபோய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணமாகும்.

இந்த அச்சத்தை நாம் ஆதாரமற்றதென ஒதுக்கிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, ஆரம்பத்தில் அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. ஆயினும், சட்டம் கூறுவதை அறியாதிருப்பது அச்சத்துக்கு மருந்தாகாது.

0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் மேற்கொள்ளப்படும் அபிவிருத்தித் திட்டங்களுக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு அவசியமென 2000ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. இது ஏறத்தாழ 99 பேர்ச்சஸ் ஆகும். ஆகவே சாதாரண வீட்டுக் காணிகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் வருவதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களை அண்டிய காணிகளுக்கு வேறு கட்டுப்பாடுகள் உண்டு. காணி எத்துணை சிறிதாயினும், தோண்டும்போது தொல்பொருள் வெளிப்பட்டால் உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் நியதியாகும்.

சோதனை என்பது காணி முழுவதையும் கிளறுவதன்று. முதலில் பழைய வரைபடங்களும் பதிவுகளும் ஆராயப்படும். நிலத்தின் மேற்பரப்பில் ஓட்டுத் துண்டுகள் தேடப்படும். தேவையேற்படின் சிறு சோதனைக் குழிகள் வெட்டி, மண் படைகள் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யப்படும். ஒரு பொருள் எந்தப் படையில், எதனருகில் கிடந்தது என்பதே அதன் சாட்சியம். 1980 - 81 காலப்பகுதியில் யாழ்ப்பாணம் ஆனைக்கோட்டையில் கிடைத்த பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை, பெருங்கற்கால ஈமப் புதைகுழியொன்றிலிருந்து முறையாக அகழ்ந்தெடுக்கப்பட்டமையாலேயே வரலாற்றுச் சான்றானது.

இதற்கு மாறாக, 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காகத் தோண்டப்பட்ட மண் வெளியே கொண்டு செல்லப்பட்ட பின்னரே அதில் மனித எலும்புகள் காணப்பட்டன. அவ்விடத்தில் 300இற்கும் அதிகமான எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அவற்றின் மாதிரிகள் 1404 - 1635 காலத்துக்குரியவையென 2019இல் வெளியான காபன் ஆய்வறிக்கை கூறியபோதும் ஐயங்கள் தீரவில்லை. இடம்பெயர்ந்த மண் தனது சாட்சியத்தை இழந்துவிடுகின்றது.

எனவே, கிடைத்ததை மறைத்துக் கொங்கிறீற்றால் மூடுவது நமது வரலாற்றை நாமே அழிப்பதாகும். அதேவேளை, மக்கள் அச்சமின்றி முன்வர வேண்டுமாயின், ஆய்வறிக்கைகள் தமிழிலும் உரிமையாளரின் கையைச் சேர வேண்டும். அப்பகுதிப் பல்கலைக்கழகத் தொல்லியலாளரும் சோதனையில் பங்கேற்க வேண்டும். காணி உரிமை பற்றிய முடிவு ஆய்வாளரின் குழியிலன்றி, சட்டத்தின் முன் எடுக்கப்பட வேண்டும். நம்பிக்கையின்றித் தோண்டப்படும் எந்தக் குழியிலும் உண்மை கிடைக்காது என்பதை அதிகாரிகள் உணர்வார்களாக.