நீச்சல் குளத்தில் பச்சைக் கறை: பாசியா, செம்பா?

2016ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. ஆகஸ்டு 9ஆம் நாள், மேடையிலிருந்து நீரில் பாயும் போட்டிக்கு வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நீல நிறத்தில் பளபளத்த குளம் பச்சைப் பசேலென்று மாறியிருந்தது! அடுத்திருந்த குளமும் விரைவிலேயே பச்சையாகத் தொடங்கியது. குளத்தைப் பராமரிக்க அத்தனை பேர் இருந்தும் இது எப்படி நேர்ந்தது?

விடை வேடிக்கையானது. அந்தக் குளங்களில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் இருந்தது. தொடக்க விழா நடந்த 5ஆம் நாள், யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அதில் ஊற்றிவிட்டார்கள். அதுவும் கிருமிநாசினிதானே, இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்காது. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து உப்பும் நீரும் ஆக்சிஜனுமாக மாறிவிடும். காவல்காரர் இருவர் தமக்குள் சண்டையிட்டு மடிந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா? அங்கே பாசி வளர வழி பிறந்தது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பல வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே நீச்சல் குளம் உண்டு. அங்கும் இந்தப் பச்சைத் தொல்லை வருவதுண்டு. ஆனால் பச்சையாகத் தெரிவதெல்லாம் பாசி அன்று. ஒன்று உயிருள்ள பச்சை. மற்றொன்று உலோகப் பச்சை.

உயிருள்ள பச்சை

பாசியின் நுண்ணிய வித்துகள் காற்றிலும் மழையிலும் வந்து சேருகின்றன. குளோரின் நீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலமே அவற்றைக் கொல்கிறது. நீரின் பி.எச். மதிப்பு 7.5 ஆக இருந்தால், குளோரினில் ஏறக்குறைய பாதி இந்த வடிவில் இருக்கும். 8.5 ஆக உயர்ந்தால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். குளோரினை எவ்வளவு கொட்டினாலும் பயன் குறைவு என்பதன் காரணம் இப்போது புரிகிறதா?

சுவரில் படிந்த பாசி இன்னும் பிடிவாதமானது. அது வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு சிமெண்டின் நுண்துளைகளில் பதுங்கியிருக்கும். ஆகவே முதலில் தூரிகையால் தேய்த்துப் படலத்தைக் கிழிக்க வேண்டும். பின்னரே குளோரின் இட வேண்டும். அதையும் மாலையில் இடுவது நல்லது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் குளோரினைச் சிதைத்துவிடும். அதன்பின் வடிகட்டியை ஓடவிட்டு, இறந்த பாசியை அகற்ற வேண்டும்.

உலோகப் பச்சை

செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பச்சைதான் இதுவும். நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் செம்புக் குழாய்கள் சிறிது சிறிதாக அரிக்கப்படும். பாசியை ஒழிக்க மயில்துத்தம் இட்டாலும் செம்பு சேரும். பி.எச். உயரும்போது, கரைந்திருந்த செம்பு கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் சுவரில் படியும். அடிக்கடி நீந்துவோரின் வெளிர்நிறக் கூந்தல் பச்சையாவதும் செம்பினால்தான். பலர் நினைப்பதுபோல் குளோரினால் அன்று.

இந்தக் கறைக்கு ஹைப்போகுளோரைட்டைக் கொட்டினால் என்ன ஆகும்? அது காரத்தன்மை உடையது. பி.எச். மேலும் உயர்ந்து, இன்னும் செம்பு படியும். மருந்தே நோயை வளர்க்கும்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

கறையைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்து நீரைக் கலக்கினால் அது பாசி. தேய்த்தும் அசையாவிட்டால், சிட்ரிக் அமிலத் தூளைத் துணியில் முடிந்து கறைமேல் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கலாம். கறை வெளிறினால் அது உலோகம். நம் வீடுகளில் புளியிட்டுச் செம்புப் பாத்திரம் துலக்குவதும் இதே வேதியியல்தான்.

ஓர் எச்சரிக்கை! குளோரின் மருந்தையோ பிளீச்சிங் பவுடரையோ எந்த அமிலத்துடனும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைத் தாக்கும். ஆர்வத்தால்கூட இதைச் செய்து பார்க்காதீர்கள்.

ரியோவில் என்ன செய்தார்கள்? ஆகஸ்டு 14ஆம் நாள் இரண்டாவது குளத்தில் கலை நீச்சல் போட்டி தொடங்கவிருந்தது. நீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்தால்தான் ஒத்திசைந்து ஆட முடியும். எனவே அந்தக் குளத்தை வடித்துவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர் நீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். 80 லிட்டர் செய்த வேலையைப் பாருங்கள்!

உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலோ கிணற்றடியிலோ பச்சை படிந்திருந்தால், விரலால் தேய்த்துப் பாருங்கள். களிம்பேறிய செம்பு ஒன்றை எடுத்துப் பாதியை மட்டும் புளியால் துலக்குங்கள். இரண்டும் பச்சைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை உங்கள் விரலே சொல்லும்.