வாசலிலேயே நின்றுவிடும் மென்பொருள்

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம், வீட்டு வரைபடம் போடும் சின்ன அலுவலகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலை பத்து மணி. துறைமங்கலத்தில் மனை வாங்கியவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சமையலறைக் கதவை அரை அடி நகர்த்திவிட்டால் வரைபடம் முடிந்தது. மதியத்துக்குள் இணையத்தில் ஏற்றிவிடலாம். ஆட்டோகேட் ஐகானை இரண்டு தட்டு தட்டியாயிற்று. மென்பொருளின் பெயரைத் தாங்கிய முகப்புப் படம் வந்தது. வந்தது அப்படியே நிற்கிறது. டீ வந்தது, குடித்து முடித்தாயிற்று. படம் அசையவில்லை.

“சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சுங்க. ரேம் போடணும்” என்கிறார் வரைபவர். சர்வீஸ் பார்க்கும் தம்பிக்கு போன் போகிறது. “ஃபார்மட் அடிச்சிடலாம்ணே” என்று பதில் வருகிறது. திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியை யாரும் கவனிக்கவில்லை.

ரேம், ஃபார்மட் இரண்டுமே இந்த நோய்க்குப் பெரும்பாலும் பொருந்தாத வைத்தியம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். முகப்புப் படம் நிற்கும் நேரத்தில் அதில் சிபியு, டிஸ்க் என்ற இரண்டு கட்டங்களைப் பார்த்தால் போதும். இரண்டும் உச்சத்தில் இருந்தால் கணினி ஏதோ வேலையில் மூச்சுவாங்குகிறது என்று பொருள். இரண்டும் கிட்டத்தட்ட சும்மா இருந்தால் கணினி வேலையே செய்யவில்லை. யாரோ ஒருவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது. வடிவமைப்பு மென்பொருள்களைப் பொறுத்தவரை அந்த ‘யாரோ’ பல நேரம் உரிமம் சரிபார்க்கும் சர்வர்தான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இப்படிக் காத்திருப்பவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியிலேயே அனுமதி பெறலாம். அதற்கான வரைபடம் ஏதோ ஒரு கணினியில்தான் உருவாக வேண்டும். அரியலூரைச் சுற்றிய சிமென்ட் ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் பட்டறைகள், காதணி விழா பேனர் அடிக்கும் ஃப்ளெக்ஸ் கடைகள், பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் என்று பட்டியல் நீளும்.

மென்பொருளுக்குப் பூட்டுப் போடும் வழக்கம் புதிதல்ல. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-ல் தொடங்கியது. ஆட்டோகேட் அதே ஆண்டு இறுதியில் வெளிவந்தது. நான்கே ஆண்டில், 1986-ல், கணினியின் பின்புறம் செருகவேண்டிய ‘டாங்கிள்’ பூட்டை அமெரிக்காவில் கட்டாயமாக்கினார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, அங்கே அதை விலக்கிக்கொண்டார்கள். பிற நாடுகள் பலவற்றில் பூட்டு நீடித்தது. தமிழ் அச்சுக்கோர்ப்பு செய்தவர்களுக்கும் டாங்கிள் பழகியதுதான். புனேயிலிருந்து வந்த ஸ்ரீலிபி மென்பொருளுக்கு அந்தச் சின்னக் கட்டையைச் செருகியிருக்க வேண்டும். தொலைந்தால் வேலை நின்றது. ஆனால் அது மேசையிலேயே இருந்தது. இணையம் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்டதில்லை.

பிறகு காலம் மாறியது. இனி கிரியேட்டிவ் சூட் தொகுப்பின் புதிய பதிப்பு வராது, சந்தா முறைதான் என்று அடோபி 2013 மே மாதம் அறிவித்தது. ஆட்டோகேட் போன்ற தனி மென்பொருள்களுக்குப் புதிதாக நிரந்தர உரிமம் விற்பதை ஆட்டோடெஸ்க் 2016 ஜனவரி 31-ஓடு நிறுத்தியது. மேசையிலிருந்த பூட்டு கடல் கடந்து எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துகொண்டது. தனிநபர் சந்தா வைத்திருப்பவர் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்து உரிமத்தைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும் என்பது ஆட்டோடெஸ்க்கின் விதி. அடோபியின் ஆண்டுச் சந்தாக்காரர்களுக்கு இணையமில்லாமல் 99 நாள் வரை அவகாசம் உண்டு.

அந்தத் தொலைதூரச் சர்வரே படுத்துவிட்ட கதையும் உண்டு. 2014 மே மாதத்தில் அடோபியின் உள்நுழைவுச் சேவை ஒரு நாளுக்கும் மேலாக முடங்கியது. பணம் கட்டி வைத்திருந்த வடிவமைப்பாளர்கள் உலகெங்கும் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் உள்ளூர்க் கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஆகவே முதலில் கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. அரை நிமிட வேலை.

அங்கே எல்லாம் பச்சையாக இருந்தால் அடுத்த சோதனைக்கும் கைப்பேசியே கருவி. அலுவலக இணையத்தைத் துண்டித்துவிட்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து, மென்பொருளை மறுபடி திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் கோளாறு மோடம், ரூட்டர், இணைய இணைப்பு என்ற வட்டத்துக்குள் இருக்கிறது. அப்போதும் நின்றால் கோளாறு கணினிக்குள்ளேயே. பாதிச் சந்தேகங்களை இதிலேயே கழித்துவிடலாம்.

இணைப்பின் பக்கம் கோளாறு என்றால், எல்லா வலைத்தளமும் திறக்கும்போது உரிமச் சர்வர் மட்டும் ஏன் கிடைப்பதில்லை? போனை நினைத்துக்கொண்டால் புரியும். நாம் கூப்பிடும் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் உடனே குரல் சொல்லிவிடும், நாமும் வைத்துவிடுவோம். மணி அடித்துக்கொண்டே இருந்து யாரும் எடுக்காவிட்டால், தானாகத் துண்டிக்கப்படும்வரை காதில் வைத்துக்கொண்டு நிற்போம். கணினி உலகிலும் இதே கதைதான். மறுமுனை மறுத்தால் பதில் நொடியில் வரும். நடுவிலிருக்கும் ஃபயர்வால் சத்தமில்லாமல் அழைப்பை விழுங்கிவிட்டால், விண்டோஸ் சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் தட்டிப் பார்த்து, சுமார் 20 வினாடி கழித்துத்தான் கைவிடும். அப்படி நாலைந்து முகவரிகளை வரிசையாகத் தட்டினால் ஒன்றரை நிமிடம் ஓடிவிடும். அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்கிறோம்.

இணையச் சேவை நிறுவனம் தரும் டிஎன்எஸ், அதாவது சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை, தடுமாறினாலும் இதே தாமதம் வரும். ரூட்டரில் பொது டிஎன்எஸ் முகவரியான 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை.

கல்லூரி ஆய்வகங்களில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. அங்கே உரிமம் ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இல்லாமல், வளாகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரில் மொத்தமாக இருக்கும். மாணவர் திறக்கும்போது மென்பொருள் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூடும்போது திருப்பிவிடும். ஃப்ளெக்ஸ்நெட் என்ற இந்த ஏற்பாட்டின் வேர் 1988-ல் இருக்கிறது. பொறியியல் மென்பொருள் நிறுவனங்கள் பலவும் இன்றுவரை இதையே நம்பியிருக்கின்றன. உரிமக் கோப்பு அந்தச் சர்வரின் நெட்வொர்க் கார்டு எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். இடி விழுந்து கார்டு போய்ப் புதிது மாட்டினால் பழைய உரிமம் செல்லாது.

அதைவிட அதிகம் படுத்துவது பழைய முகவரி. சர்வரை மாற்றிய பிறகும், அறுபது கணினிகளின் அமைப்பில் பழைய சர்வரின் பெயர் முதலில் இருக்கும். ஒவ்வொரு கணினியும் இறந்துபோன அந்தச் சர்வரின் கதவைத் தட்டிக் காத்திருந்துவிட்டுத்தான் புதியவரிடம் போகும். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டால் தாமதம் போய்விடும். சர்வரின் ஃபயர்வாலில் 27000 முதல் 27009 வரையிலான வாசல்களை (போர்ட்) திறந்தும் வேலை ஆகவில்லை என்று சிலர் தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு. காரணம், அந்த வாசலில் வரவேற்பாளர்தான் இருப்பார். உரிமத்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொரு எண்ணில் உட்கார்ந்திருப்பார், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு எண்ணில். உரிமக் கோப்பில் அவருக்கு ஓர் எண்ணை நிரந்தரமாகக் குறித்து, அந்த வாசலையும் திறந்துவிட வேண்டும்.

கோளாறு கணினிக்குள்ளேயே என்று ஹாட்ஸ்பாட் சோதனை சொன்னால் பார்க்க வேண்டியவை வேறு. விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அந்த மென்பொருளின் லைசென்சிங் சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆன்டிவைரஸ் அதைச் சந்தேகப்பட்டு முடக்கியிருக்கலாம். உள்நுழையும் பெட்டி வெள்ளையாக மட்டும் வந்து நின்றால், பழைய விண்டோஸ் ஒரு காரணமாக இருக்கக்கூடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. இன்றைய சர்வர்கள் கேட்கும் பாதுகாப்பு மொழி அதற்குச் சரியாகப் பேச வராது.

ஹோஸ்ட்ஸ் கோப்பின் கதைதான் இதில் வேடிக்கை. ஒரு காலத்தில் யாரோ கிராக் வெர்ஷன் போட்டுக் கொடுத்திருப்பார். திருட்டு நகல் தாய் நிறுவனத்தோடு பேசிவிடக் கூடாதே என்று, விண்டோஸ் முதலில் பார்க்கும் பெயர்-முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் உரிமச் சர்வர்களின் பெயர்களை எழுதி, எதிரே 127.0.0.1 என்று போட்டிருப்பார்கள். அது அந்தக் கணினிக்கே சொந்த முகவரி. சர்வரைத் தேடினால் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொள்ளும். நான்கு வருடம் கழித்து, தொழில் வளர்ந்து, உரிமையாளர் காசு கொடுத்து அசல் வாங்குவார். கிராக்கை நீக்கினாலும் அந்த வரிகள் போகாது. அசல் மென்பொருள், முறையான உரிமம், ஆனாலும் வாசலில் நிற்கும். ‘திருட்டு வெர்ஷனே தேவலை போல’ என்று அவர் அலுத்துக்கொள்வார். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அந்த வரிகளை அழித்தால் தீரும். திருட்டு நகலை நோக்கித் திரும்பிப் போக நினைப்பவருக்கு ஒரு தகவல்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, தெரிந்தே தொழிலுக்குப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எல்லாத் தாமதத்தையும் உரிமத்தின் தலையில் கட்டவும் முடியாது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் உச்சத்தில் ஓடினால் ஃபான்ட் மீது சந்தேகம் வரவேண்டும். கல்யாணப் பத்திரிகை, பேனர் கடைகளில் ஆயிரக்கணக்கில் தமிழ் ஃபான்ட் ஏற்றி வைத்திருப்பார்கள். கோரல் டிரா திறக்கும்போது அத்தனையையும் பார்த்தாக வேண்டும். டீஃபால்ட் பிரின்டராகக் குறித்திருக்கும் நெட்வொர்க் பிரின்டர் அணைந்திருந்தாலும் சில மென்பொருள்கள் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் திறக்கும்போது யாரிடமும் உரிமம் கேட்பதில்லை. ஆனால் வாடிக்கையாளர் கோரல் கோப்பைத்தான் அனுப்புவார், அச்சகமும் அதையேதான் கேட்கும் என்பதால் முழுதாக மாறுவது சுலபமில்லை.

சரி, பாலக்கரை அலுவலகத்துக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் எல்லாம் சும்மா இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் போட்டும் நிற்கிறது. அப்படியானால் கோளாறு கணினிக்குள். இப்போதுதான் அந்த வலது கீழ் மூலைக்குக் கண் போகிறது: எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி.

தினமும் இரவு மெயினை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகம். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற ஒரு பேட்டரி. அது தீர்ந்ததும் கடிகாரம் பின்னால் ஓடிவிட்டது. இணையத்தில் சர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழில் ‘இந்தத் தேதி முதல் செல்லும்’ என்று இருக்கும். எட்டு வருடம் பின்தங்கிய கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். நம்ப மறுக்கிறது. உரிம மென்பொருளோ, சந்தாக் காலத்தை நீட்டிக்க யாரோ கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படும். ஃப்ளெக்ஸ்நெட்டில் இதற்கென்றே 88 என்று ஒரு பிழை எண் இருக்கிறது. இணையம் இருந்தால் விண்டோஸ் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்றால், வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கை வைக்காது.

பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் வாட்ச் கடையில் பேட்டரி கிடைத்துவிட்டது. சர்வீஸ் தம்பி ஃபார்மட் அடிக்க எடுத்துவந்த பென்டிரைவ் பையிலேயே இருக்கிறது. தேதியைத் திருத்தி ஐகானைத் தட்டுகிறார்கள். முகப்புப் படம் வந்து, மறைந்து, வரைபடம் விரிகிறது. சமையலறைக் கதவு அரை அடி நகர்ந்தாயிற்று.

மனைக்காரர் திரையை உற்றுப் பார்க்கிறார். “இன்னும் ரெண்டு இஞ்ச் தள்ளிக்கலாமாங்க?”