பிள்ளைகளின் துணிக்கும் பட்டம் உண்டு!

சம்பா நெல்லுக்கு மேலுரம் போட வேண்டிய நாளும், பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி எடுக்க வேண்டிய நாளும் ஒன்றாக வந்து நிற்பது டெல்டா விவசாயக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கையில் இருப்பது ஒரு தொகை. காத்திருப்பவை இரண்டு செலவுகள். உரத்தைத் தள்ளிப்போட்டால் தூர் கட்டுவது குறையும். துணியைத் தள்ளிப்போட்டால் பிள்ளையின் முகம் வாடும். இரண்டையும் செய்ய நினைப்பவர் வட்டிக்கு வாங்குகிறார். அறுவடைக்கு முன்பே நெல்லை வியாபாரிக்குப் பேசிமுடித்து முன்பணம் வாங்குவோரும் உண்டு.

விதை, உரம், நடவுக் கூலி, களையெடுப்பு என்று ஏக்கருக்கு இவ்வளவு எனக் கணக்கு எழுதும் குடும்பங்களில்கூட, பிள்ளைகளின் துணிச் செலவு நோட்டில் ஏறுவதில்லை. எதிர்பாராத செலவுபோலவே ஒவ்வொரு முறையும் அது வருகிறது. உண்மையில் அதைப்போல முன்கூட்டியே தெரிந்த செலவு வேறு இல்லை. பள்ளி ஜூனில் திறக்கும். மழை ஐப்பசியில் வரும். பொங்கல் ஜனவரி நடுவில் வரும். பயிருக்குப் பட்டம் இருப்பதுபோலத் துணிச் செலவுக்கும் பட்டம் இருக்கிறது. வரவு எப்போது, செலவு எப்போது என்று பொருத்திப் பார்ப்பதுதான் தேவை.

பணம் வரும் மாதமும் துணி எடுக்கும் மாதமும்

டெல்டாவில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கிறது. சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில். ஆகவே நெல் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குள் வருகிறது. மானாவாரிப் பருத்தி வைப்பவர்களுக்கு மாசிக்குப் பிறகுதான் காசு. மஞ்சள் விவசாயிக்குத் தை, மாசியில் அறுவடை முடிந்தாலும் வேகவைத்து, காயவைத்து, விற்ற பின்தான் வருமானம். தென்னை வைத்திருப்பவருக்கு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு. மாடு வைத்திருக்கும் வீட்டில் பால் பணம் சிறிய தொகையாக இருந்தாலும் தவறாமல் வருகிறது.

செலவின் நாள்களோ வேறு. இதில் தீபாவளி நகர்ந்துகொண்டே இருக்கும் நாள். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. மூன்று வாரம் முன்பின்னாக வருவதால், குறுவைப் பணம் சில ஆண்டு கைக்கு வந்த பின் தீபாவளி வரும். சில ஆண்டு நெல் களத்தில் கிடக்கும்போதே வந்துவிடும்.

குறுவையே இல்லாத ஆண்டும் உண்டு. 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. ஜூலை 28-ல்தான் திறக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணறு இல்லாமல் ஆற்று நீரை மட்டும் நம்பியவர்களுக்கு அந்த ஆண்டு குறுவைப் பணம் வரவே இல்லை. ஆனால் தீபாவளி வந்தது. எனவே தீபாவளித் துணியைக் குறுவை தலையில் மட்டும் கட்டிவைப்பது பாதுகாப்பான கணக்கு ஆகாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, 3 ஏக்கர் நெல்லும் ஒரு கறவை மாடும் உள்ள குடும்பம். 7-ம் வகுப்பில் மகள், 3-ம் வகுப்பில் மகன். இருவரும் அரசுப் பள்ளி. ஊருக்கு ஊர் விலை மாறும். கீழே உள்ளது கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும்.

• கோடை (ஏப்ரல்): வீட்டில் உடுத்தப் பருத்தித் துணி – ரூ.900
• பள்ளித் திறப்பு (மே கடைசி): உள்ளாடை, செருப்பு, சீருடையைப் பிடித்துத் தைக்கும் கூலி – ரூ.1,800
• மழைக்கு முன் (ஆகஸ்ட்): மழைக்கோட்டு, குடை – ரூ.700
• தீபாவளி – ரூ.2,800
• மார்கழிக் குளிருக்கு முழுக்கைச் சட்டை – ரூ.600
• பொங்கல் – ரூ.1,200
• காதுகுத்து, கல்யாணம், கிழிசல் போன்றவற்றுக்குக் கையிருப்பு – ரூ.1,000

ஆண்டுக்கு மொத்தம் ரூ.9,000. ஒரே நாளில் கேட்டால் மலைப்பாக இருக்கும் தொகை. அதையே வரவோடு பொருத்தினால் இப்படி வரும்: சம்பா நெல் பணம் வந்ததும் பிப்ரவரியில் ரூ.4,500 தனியே எடுத்துவைப்பது. பால் பணத்தில் வாரம் ரூ.50 வீதம் 52 வாரத்துக்கு ரூ.2,600, குறுவை விற்றதும் ரூ.1,900.

பிப்ரவரி நடுவில் எடுத்துவைத்த ரூ.4,500-ல் கோடை, பள்ளி, மழை ஆகிய மூன்று செலவும் போக ரூ.1,100 மிஞ்சும். அக்டோபர் நடுவரை 35 வாரப் பால் பணம் ரூ.1,750 சேர்ந்தால் ரூ.2,850. அதாவது, குறுவையிலிருந்து ஒரு ரூபாய் வராவிட்டாலும் தீபாவளித் துணிக்குப் பணம் தயார். குறுவை பொய்த்த ஆண்டில் பொங்கல் துணியைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். அதுவும் சம்பா அறுவடை முடிந்ததும் ஈடுகட்டக்கூடியது. குறுவை நன்றாக வந்தால் அந்த ரூ.1,900 பொங்கலையும் பார்த்து, கையிருப்பையும் நிரப்பிவிடும்.

இதே தீபாவளிக்குத் திட்டமில்லாமல் ரூ.6,000 கைமாற்றாக வாங்கி, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் சம்பா அறுவடைவரை நான்கு மாதம் ஓட்டினால், வட்டி மட்டும் ரூ.720. மேலே உள்ள பட்டியலில் இரண்டு பிள்ளைகளின் மழைக்கோட்டுக்கும் குடைக்கும் ஒதுக்கிய தொகையைவிட அது அதிகம்.

வாங்கும் முன் பெட்டியைத் திறக்கவும்

நடவுக்கு முன் வயலைப் பார்ப்பதுபோல, கடைக்குப் போகும் முன் துணிப் பெட்டியைப் பார்க்க வேண்டும். மே மாதமும் செப்டம்பரும் இதற்கு ஏற்ற மாதங்கள். பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, சரியாக இருப்பது, பிரித்துத் தைத்தால் ஆவது, தம்பி தங்கைக்கு மாற்றுவது, கழிப்பது என்று நான்காகப் பிரித்தாலே வாங்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 8-ம் வகுப்புவரை சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை விலையில்லாமல் வழங்கப்படுகிறது. மலைப் பகுதிப் பள்ளிகளில் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு போன்றவையும் உண்டு. இவற்றைத் தெரியாமல் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டாம். 9-ம் வகுப்புக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் மட்டும் அந்த ஆண்டு சீருடைச் செலவைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. உயரம் வளர்கிறார்கள், அதில் ஏறக்குறைய பாதி காலின் வளர்ச்சி. எனவே பாவாடை, கால்சட்டை தைக்கும்போது கீழே 2 அங்குலம் உள்மடிப்பு விட்டால், ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துவிட்டு இரண்டு ஆண்டு ஓட்டலாம். பக்கத் தையலிலும் ஒரு விரல்கடை துணி விடச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு 10 வயதுக்கு மேலும், ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதுக்கு மேலும் வளர்ச்சி வேகமெடுக்கும். அந்த வயதில் தள்ளுபடி என்பதற்காக அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து வாங்குவது வீண். வயதுக்கு வரும் பருவத்துப் பெண் பிள்ளைக்கு உள்ளாடை, துணை உடைகளுக்கென ஒரு தொகையை அவள் கேட்காமலேயே ஒதுக்கிவைப்பது நல்லது. பல பிள்ளைகள் கூச்சத்தால் கேட்பதில்லை.

பருவத்துக்கு ஏற்ற துணி

கோடைக்குப் பருத்தி. வியர்வையை உறிஞ்சும், வேர்க்குரு குறையும். பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும் என்பதால், தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் சிக்கல் காய்வதில்தான். ஈரத் துணியைப் போட்டனுப்பினால் படர்தாமரை போன்ற தோல் நோய் வரும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் விலை உயர்ந்த ஒரு சட்டையைவிட, சீக்கிரம் காயும் இரண்டு சாதாரணச் சட்டைகளும் கூடுதல் உள்ளாடையுமே பயன்படும்.

தீபாவளிக்குப் பளபளப்பான நைலான், பாலியஸ்டர் துணிகளே பிள்ளைகளின் கண்ணைக் கவரும். தீப்பொறி பட்டால் இவை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புதுத்துணி எதுவானாலும், பட்டாசு வெடிக்கும் நேரத்தில் உடம்போடு ஒட்டிய பருத்தி உடையே போட வேண்டும்.

எங்கே வாங்குவது, எப்படிச் சேர்ப்பது

ஆடித் தள்ளுபடியில் கோடைத் துணிகளும் உள்ளாடைகளும் மலிவாகக் கிடைக்கும். ஈரோடு வாரச் சந்தையும் திருப்பூர்ப் பின்னலாடைக் கடைகளும் பக்கத்தில் உள்ளவர்களுக்கு வசதி. தொலைவில் இருப்பவர்கள் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து போனால்தான் பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகும். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடியோடு மாதச் சேமிப்புத் திட்டமும் உண்டு. தவணைகளைத் தவறாமல் கட்டியவர்களுக்கு நிறுவனமும் தன் பங்கைச் சேர்த்து, அந்தத் தொகைக்குத் துணி எடுக்க விடுகிறது. தற்போதைய விவரத்தை அருகிலுள்ள கிளையில் கேட்டுக்கொள்ளலாம்.

தீபாவளிச் சீட்டில் கவனம் வேண்டும். மாதம் இவ்வளவு கட்டினால் துணி, பலகாரம், பாத்திரம் எல்லாம் தருவதாகச் சொல்லி, பண்டிகைக்கு முன் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பல மாவட்டங்களில் உண்டு. சீட்டு நடத்துபவர் 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கேட்டு, பதிவுச் சான்றைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுச் சேமிப்பும், குடும்பத்தலைவி பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இதைவிடப் பாதுகாப்பு.

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பயிர்க்கடன் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாமா?

கிசான் கடன் அட்டையில் வரம்பு நிர்ணயிக்கும்போதே, பயிர்ச் செலவுக்கான தொகையில் 10 சதவிகிதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பத் தேவைக்கும் சேர்க்கப்படுகிறது. அந்த அளவுக்குள் எடுப்பது தவறல்ல. 3 லட்சம் ரூபாய்வரை 7 சதவிகித வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவிகிதம் குறையும். தமிழகக் கூட்டுறவு வங்கிகளில் உரிய நாளில் கட்டுவோருக்குப் பயிர்க்கடன் வட்டியில்லாமலே கிடைக்கிறது. கைமாற்று வட்டியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் உரத்துக்கும் களையெடுப்புக்கும் உரிய பணத்தில் கை வைத்தால் அந்த இழப்பு விளைச்சலில் தெரியும். கடன் கட்டும் நாளும் தவறும்.

கேள்வி: இந்த ஆண்டு கையில் பணம் குறைவு. பிள்ளைகளிடம் சொல்லலாமா, மறைப்பதா?

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கே கணக்கு புரியும். "உனக்கு 1,000 ரூபாய் இருக்கிறது, அதற்குள் நீயே பார்த்து எடு" என்று விட்டால், பெரும்பாலான பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கவனமாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்பதுதான் மனதில் தங்கும். அண்ணனின் சட்டையைத் தம்பிக்குக் கொடுக்கும் வீட்டில், தம்பிக்கென்று ஆண்டுக்கு ஒன்றாவது புதிதாக இருக்கட்டும். அக்கா தங்கைக்கும் அதே நியாயம்தான்.

கேள்வி: மருந்து அடித்துவிட்டு வந்த துணியோடு பிள்ளைகளின் துணியையும் சேர்த்துத் துவைக்கலாமா?

கூடாது. பூச்சிக்கொல்லி தெளித்தவரின் உடையைத் தனி வாளியில், சோப்பு போட்டு, தனியாகத் துவைத்துத் தனியாகக் காயவைக்க வேண்டும். துவைக்கும்வரை மற்ற துணிகளோடு போட்டுவைக்கவும் கூடாது. மருந்து, உரம் வைத்திருக்கும் அறையில் பிள்ளைகளின் துணிப் பெட்டியை வைப்பதையும் தவிர்க்கவும். எடுத்துவைக்கும் துணிகளை நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து உள்ளே போட்டால் பூச்சி அண்டாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து வெயில் காட்டினால் அடுத்த ஆண்டும் அந்தத் துணி உதவும்.