பனி விலகி வெயில் ஏறும் காலம்: ஊவா மலைநாட்டுக் கமக்காரர் கவனத்திற்கு

இலங்கையில் வெண்பனி மழை பெய்வதில்லை. ஆயினும் தை, மாசி மாதங்களில், வானம் தெளிந்து காற்றும் அடங்கிய சில இரவுகளின் பின், நுவரெலியா, அம்பேவெல, ஹோட்டன் சமவெளி ஆகிய இடங்களின் புற்றரைகள் விடியற்காலையில் வெண்மை பூத்துக் காணப்படும். மலைநாட்டார் இதனைத் துகள்பனி என்பர். பார்ப்பதற்கு அழகாயிருப்பினும், உருளைக்கிழங்கின் இலையும் போஞ்சியின் தளிரும் தேயிலையின் கொழுந்தும் நெருப்புப் பட்டனபோற் கருகிவிடுவது இதனாலேயே. பங்குனியில் பகல் வெயில் ஏறத் தொடங்கும்வரை இவ்வச்சம் முற்றாக நீங்குவதில்லை.

ஊவாவில் இடத்துக்கிடம் நிலைமை வேறுபடும். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை ஏறத்தாழ 1,225 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. 100 மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை சராசரியாக 0.65 பாகை செல்சியஸ் குறையும். எனவே பதுளையிற் பொருந்தும் நடுகை நாள் பண்டாரவளைக்குப் பொருந்தாது.

தெளிந்த இரவிலோ இக்கணக்குத் தலைகீழாகும். நிலம் தன் சூட்டை வானிற்கு இழந்து குளிர, அதனைத் தொட்ட காற்றும் குளிர்ந்து பாரமாகி, நீரைப் போலவே சரிவு வழியே இறங்கிப் பள்ளத்திற் தேங்கும். ஆதலால் மேற்சரிவிலுள்ள பயிர் தப்ப, ஓடைக்கரைப் பாத்தி கருகுவதுண்டு. மனித உயரத்தில் வைத்த வெப்பமானி 3 அல்லது 4 பாகை காட்டும்போதே புல்லின்மேல் உறைநிலை உண்டாகலாம். வெப்பமானியை மட்டும் நம்பியிருப்பது போதாது.

லயங்களின் பின்புறத்திலும் ஓடையோரங்களிலும் மரக்கறி செய்வோர் இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். பாத்திகளுக்கிடையே பரப்பிய உலர்ந்த வைக்கோல் மண்ணின் சூட்டை மேலெழ விடாது. குளிரிரவில் அது பயிருக்குத் தீங்கே. அதனை ஒதுக்கி, மாலைக்கு முன் மண்ணை நனைத்துவிடின், ஈரமண் பகற்சூட்டை அதிகம் ஏற்று இரவில் மெல்ல வெளிவிடும். நாற்றுமேடைக்குக் குச்சி நாட்டி மேலே கூரையாக இடும் வைக்கோலோ மிக நன்று. காலையில் அதனை அகற்றிவிடுக. பனி படிந்துவிட்டால் வெயில் படுமுன் நீர் தெளித்துக் கழுவுவதும் பயன் தரும். கருகிய தேயிலைச் செடியை உடனே வெட்டுதல் கூடாது. புதுத்தளிர் எங்கிருந்து எழுகிறதெனத் தெரிந்த பின்னரே பட்ட பகுதியைக் களைதல் வேண்டும்.

நெற்பயிருக்கு உறைபனி வேண்டியதில்லை. சாதாரணக் குளிரே போதும். பெரும்போக நெல் குடலைப் பருவத்தில் இருக்கும்போது இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே பல நாள் நிலைத்தால், மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். கதிர் வெளிவர ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்னுள்ள நாட்களே மிகவும் ஆபத்தானவை. அந்நாட்களில் வயல்நீரை 15 முதல் 20 சதமமீற்றர்வரை உயர்த்தினால், தண்டினுள் இருக்கும் இளங்கதிர் நீரின் சூட்டிற் பாதுகாக்கப்படும். மலையூற்று நீரைப் பகல் முழுதும் வயலிற் பாயவிடுவோரும் உளர். அவர்களது வாய்மடை ஓரத்துப் பயிர் குட்டையாய்ப் பிந்திக் கதிர்விடுவதன் காரணம் அதுவே. பகலில் மடையை அடைத்து நீர் வெயிலிற் சூடேற விடுதல் நன்று.

வெயில் ஏறியதும் துன்பம் வேறு உருவெடுக்கும். உலர்ந்த பகலில் அழுக்கணவனும் கோவா இலையைத் துளைக்கும் சிறு பச்சைப்புழுவும் விரைந்து பெருகும். வெடித்த மண்ணினூடே கிழங்கு அந்து உருளைக்கிழங்கை அடையும். ஆகவே மண் அணைத்தலைத் தாமதிக்கலாகாது. பங்குனி, சித்திரை மாலைகளில் இடிமழை பெய்தால், சூடும் ஈரமும் சேர்ந்து பற்றீரியா வாடல் நோய்க்கு வழிவிடும். வெலிமடை, ஊவா பரணகமப் பகுதிகளில் நெல் அறுத்த வயலிலேயே உருளைக்கிழங்கு நடும் வழக்கம் இதற்கு ஓரளவு காப்பாகும். மாதக்கணக்கில் நீர் நின்ற மண்ணில் அந்நோய்க்கிருமி குறைந்துவிடும். ஆனால் அவ்வயலின் கடைவாய்க்காலை முதல் இடிமழைக்கு முன் ஆழமாக வெட்டிவைத்தல் வேண்டும். ஓரிரவு நீர் தேங்கினாலும் விதைக்கிழங்கு அழுகும். விதைக்கிழங்கின் விலையோ சிறிதன்று.